ஒரே எம்பி3 பிளேயரை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பாவிக்கலாமா?

வீட்டில் விண்டோஸ், கல்முனையில் வேலை செய்யும் இடத்தில் லினக்ஸ், மச்சானிடம் மேக். ஒரே பிளேயரில் மூன்றிலிருந்தும் பாட்டு ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றலாம். பிளேயர் எந்த முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது கோப்புகளை எந்த முறையில் அடுக்கிவைக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஃபாட்32 என்ற முறை என்றால் மூன்றும் வாசிக்கும், எழுதும். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக் கூடாது. பாட்டு எங்கே அவ்வளவு வரப்போகிறது! விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை வேண்டாம். மேக் அதை வாசிக்கும், தானாக எழுதாது.

மேக்கில் இன்னொரு தொல்லை. கல்லடிப் பாலத்தில் காற்று வாங்கியபடி என் பிளேயரைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டும் இரண்டு தரம் தெரிந்தது. ஒன்று பாடியது, மற்றது ஊமை. புள்ளியும் அடிக்கோடுமாகப் பெயர் தொடங்கும் அந்தக் குட்டிக் கோப்புகள், மேக் தன் குறிப்புகளுக்காக எழுதிவைப்பவை. விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டவைத்து அழித்துவிடுங்கள். பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

பழைய ஐபாட் என்றால் கதை வேறு. மேக்கில் ஃபோர்மட் செய்ததை விண்டோஸ் சும்மா வாசிக்காது; விண்டோஸில் செய்ததை மேக் ஏற்கும். அதனால் விண்டோஸிலேயே ரீஸ்டோர் (புதிதாக ஃபோர்மட்) செய்யுங்கள், உள்ளே இருக்கும் பாட்டெல்லாம் அழியும் என்பதால் முதலில் பிரதி எடுத்துவிட்டு. வெறுமனே இழுத்துப் போட்ட பாட்டை ஐபாட் பாடாது, ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் வழியாக, புதிய மேக்கில் என்றால் ஃபைண்டர் வழியாக ஏற்ற வேண்டும். லினக்ஸில் ரிதம்பாக்ஸ் என்ற பாட்டு மென்பொருள் பல பழைய மாடல்களுக்குக் கைகொடுக்கும்.

அப்புறம், லினக்ஸில் அவசரப்பட்டு வயரை இழுக்காதீர்கள். திரையில் கொப்பி முடிந்தது போலத் தெரிந்தாலும் பின்னால் எழுதிக்கொண்டிருக்கும். இஜெக்ட் கொடுத்துவிட்டே கழற்றுங்கள்.