குடியேறி வந்த நான் பிரெக்ஸிட்டுக்கு ஏன் வாக்களித்தேன்

கேள்வி: பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகி இத்தனை ஆண்டுகள் ஆகியும், அந்தப் பேச்சை எடுத்தாலே இங்கே ஏன் சண்டை வருகிறது? வெளிநாட்டிலிருந்து வந்தவர்களே விலகச் சொல்லி வாக்களித்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். அப்படி வாக்களித்தவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் அண்மையில் இங்கே வந்தவர் என்று நினைக்கிறேன். வேலையிடத்தில் யாரோ இருவர் முட்டிக்கொண்டதைப் பார்த்திருப்பீர்கள். கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெக்ஸிட் எனப்படும் இந்த விலகலுக்காக 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் விலக வேண்டும் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்க வேண்டும் என்றவர்கள் 48.1 சதவீதம். இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரு பக்கம், ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் மறுபக்கம். தோட்ட வேலைக்குக் கிழக்கு ஐரோப்பியர் பெருமளவில் வந்து சேர்ந்த பொஸ்டன் என்ற லிங்கன்ஷயர் ஊரில் நான்கில் மூன்று பேர் விலகச் சொன்னார்கள். லண்டனில் பத்தில் ஆறு பேர் இருக்கச் சொன்னார்கள். இதை வைத்துக்கொண்டு படித்தவர், படிக்காதவர் என்று பிரித்து எழுதி முடித்துவிடுகிறார்கள். எங்கள் குடும்பத்துக்குள் விழுந்த பிளவு அந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

நான் யாழ்ப்பாணத்தவன். அகதியாக வந்து, காத்திருந்து, பிரித்தானியக் குடியுரிமை பெற்றவன். என் அக்கா குடும்பம் ஜேர்மனியில் இருந்தது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று ஜேர்மன் கடவுச்சீட்டோடு லண்டனின் ஹரோவுக்கு வந்து குடியேறினார்கள். ஒல்லாந்து, டென்மார்க், பிரான்ஸ் நாடுகளிலிருந்தும் இப்படி வந்த நம்மவர்கள் ஏராளம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அக்கா பக்கத்தில் வந்தது எனக்குப் பெரும் ஆறுதல்.

2013இல் நான் ஊருக்குப் போய்த் திருமணம் செய்தேன். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில்தான் அந்த விதி வந்திருந்தது: வெளிநாட்டிலிருந்து மனைவியைக் கூப்பிட வேண்டுமானால் பிரித்தானியக் குடிமகனுக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு இருக்க வேண்டும். நான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். உழைப்புக்குக் குறைவில்லை, ஆனால் சம்பளச் சீட்டில் பாதிதான் இருந்தது. மீதியை முதலாளி கையில் கொடுப்பார். அவரும் தமிழர்தான். "தம்பி, நீர் நம்ம ஆள், வரி மிச்சம்தானே" என்பார். முழுச் சம்பளத்தையும் சீட்டில் போட்டுத் தாருங்கள் என்று கேட்டபோது, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இதைக் கேள்விக்குத் தொடர்பில்லாத பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். நம்மவர்களின் கடைகளில் இப்படிச் சீட்டில் பாதி, கையில் பாதி வாங்கி, குடும்பத்தைக் கூப்பிட முடியாமல் தவித்த பையன்களை நான் அறிவேன். வெள்ளைக்காரனின் இனவாதத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அதே காலத்தில் அத்தான் தன் தாயாரை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டார். ஜேர்மன் குடிமக்கள் என்பதால் அவர்களுக்கு அப்போது ஐரோப்பியச் சட்டம் பொருந்தியது. வருமான எல்லை இருக்கவில்லை, குடும்ப அனுமதிக்குக் கட்டணமும் இருக்கவில்லை. மாமியை ஹீத்ரோவில் வரவேற்கப் போனவன் நான். தள்ளுவண்டியில் அவருடைய இரண்டு பெட்டிகள், மேலே என் மனைவி எனக்குக் கொடுத்தனுப்பிய பனங்கட்டிப் பொதி. அவர் நல்ல மனுஷி. வந்த கையோடு அந்தப் பொதியை என்னிடம் தந்து, "பிள்ளை எப்ப வருவாள்?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? நான் இந்த நாட்டின் குடிமகன், இந்த நாட்டில் வரி கட்டுகிறவன், ஆனால் இந்த நாட்டிலேயே என் குடும்ப உரிமை ஒரு ஜேர்மன் குடிமகனின் உரிமையைவிடக் கீழே இருந்தது. அன்று தோன்றிய எரிச்சலைத்தான் வாக்குச்சீட்டில் போட்டேன். அதுவரை மனைவி வரவில்லை.

உடனே இனவாதி என்று எழுத வருகிறவர்களுக்கு: அகதிகள் வரிசையாக நடந்துவரும் படத்தைப் போட்டு விலகலுக்காகப் பிரசாரம் செய்த அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் ஒட்டிய சுவரொட்டி எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வரிசையில் நின்றவன் நான். சுவரொட்டி வெளியான அதே நாளில்தான் ஜோ காக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரை ஒருவன் கொன்றான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 350 மில்லியன் பவுண்டு அனுப்புகிறோம் என்று விலகல் பிரசாரக்காரர்கள் சிவப்பு பஸ்ஸில் எழுதியிருந்ததையும் நான் நம்பவில்லை. எங்கள் கடைத்தெருவில் வேறு காரணங்களும் இருந்தன. 2014இல் இந்தியாவின் மாம்பழத்தோடு பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காயையும் பழ ஈ இருக்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்ததை மரக்கறிக் கடைக்காரர்கள் மறக்கவில்லை. கறி உணவகம் நடத்தியவர்களுக்கு, விலகினால் தெற்காசியாவிலிருந்து சமையற்காரரை எடுக்கலாம் என்று அப்போதைய அமைச்சர் ப்ரீத்தி பட்டேல் நம்பிக்கை கொடுத்திருந்தார். வாக்குச்சீட்டில் கேள்வி ஒன்று, ஆளுக்கொரு வழக்கு. ஒவ்வொருவரும் தன் வழக்குக்குத் தீர்ப்புக் கேட்டார்கள். யாருக்கும் கேட்ட தீர்ப்பு கிடைக்கவில்லை. சண்டை ஓயாததற்கு என் அறிவுக்கு எட்டிய காரணம் இதுதான்.

அந்த வாக்கெடுப்பில் அநியாயம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். பொதுநலவாய நாட்டவர் என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டோடு படிக்க வந்த என் நண்பருக்கு வாக்கு இருந்தது. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவரைத் தவிர மற்ற ஐரோப்பியருக்கு இல்லை. ஆண்டுக்கணக்காக வரி கட்டிய அத்தானின் தலைவிதியை அவரைத் தவிர எல்லோரும் தீர்மானித்தோம். அந்த ஓகஸ்டில் லண்டன் ஈலிங் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவில் வடம் பிடித்து நின்றவர், என்னைக் கண்டதும் வடத்தை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். அக்கா இருவருக்கும் நடுவில் அழுதுகொண்டு நின்றாள். சூரிச்சிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் எனக்கு ஒரு மணி நேரம் புத்தி சொன்னார். அவர் வாழும் சுவிஸ் இன்றுவரை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவில்லை, ஐரோப்பியப் பொருளாதார வலயமே வேண்டாம் என்று 1992இல் வாக்களித்த நாடு அது. நோர்வே மக்கள் 1972இலும் 1994இலும் ஒன்றியம் வேண்டாம் என்றார்கள். அங்கேயுள்ள நம்மவர்கள் யாரும் அந்த மக்களை இனவாதி என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு மட்டும் ஏன் அந்தப் பட்டம்?

என் மனைவி பிறகு வந்தாள், நான் வேறு வேலைக்கு மாறி, முழுச் சம்பளச் சீட்டு காட்டி. அக்கா குடும்பத்துக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. அந்த விண்ணப்பத்தை என் தொலைபேசியில் கடவுச்சீட்டைப் படம் பிடித்து நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஜேர்மன் குடியுரிமை போய்விடும் என்று தயங்கிய அத்தான், 2024 ஜூனில் ஜேர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதித்த பிறகு இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். இப்போது பேசுகிறோம், பிரெக்ஸிட்டைத் தவிர எல்லாவற்றையும்.

என் கோபம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் கேட்டது, எனக்கும் அக்காவுக்கும் ஒரே சட்டம். அரசு செய்தது, இருவருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியது. 18,600 பவுண்டு 2024 ஏப்ரலில் 29,000 ஆனது. அதற்கு மேல் விசாவோடு கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. விலகச் சொன்னவர்களும் இருக்கச் சொன்னவர்களும் தொலைக்காட்சியில் இன்னும் மோதுகிறார்கள், இந்தத் தொகையைப் பற்றி இரு தரப்பும் ஒரு வார்த்தை பேசக் காணோம். இதற்குக் கீழே என்னைத் திட்ட வருகிறவர்கள் திட்டலாம். ஆனால் பெற்றோல் நிலையச் சம்பளத்தில் அந்த 29,000 பவுண்டை எப்படிக் காட்டுவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என்னிடம் அதைக் கேட்கிற பையன்கள் இன்னும் இருக்கிறார்கள்.