பி.எட். சேரலாமா என்று கேட்டவருக்கு ஒரு கணக்கு டீச்சரின் பதில்

கேட்டவர் பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டில் இருக்கிறார். ஆசிரியர் பணி உன்னதமானது என்று கல்லூரியில் சொல்கிறார்களாம். வீட்டிலோ, வாத்தியார் வேலையில் என்ன கிடைத்துவிடும் என்கிறார்களாம். பி.எட். சேரலாமா, இது வாழ்நாள் முழுக்கச் செய்யத் தகுந்த வேலைதானா என்பது கேள்வி.

தகுந்த வேலைதான். தயக்கமில்லாமல் சொல்கிறேன். நான் தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். அதற்கு முன்பு சில ஆண்டுகள் தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் இருந்தேன். இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில்தான் பேசுகிறேன். ஆனால் உன்னதம் என்பதற்காக மட்டும் வருவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். செப்டம்பர் 5 அன்று கிடைக்கும் மரியாதை ஒரு நாளைக்குத்தான் வரும். மற்ற நாளெல்லாம் உங்களை நிறுத்தி வைக்கப்போவது, வகுப்பறைக்குள் நடக்கும் வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பதுதான். அதனால் அந்த வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

நமக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான் பாடம் நடத்துவது என்று பலரும் நினைக்கிறார்கள். சொல்வது பாதி வேலைகூட இல்லை. ஒரு பிள்ளை எதை எப்படித் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் நேரமெல்லாம் போகும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லா வருடமும் இருப்பார்கள். மேலே உள்ளவற்றை ஒன்றாகவும் கீழே உள்ளவற்றை ஒன்றாகவும் கூட்டிவிடுகிறார்கள். சிவப்பு மையில் சுழித்து, மீச்சிறு பொது மடங்கு எடுக்கச் சொல்லி, 5/6 என்று பலகையில் போட்டால் அப்போதைக்கு எழுதிக்கொள்வார்கள். அடுத்த தேர்வில் மறுபடி 2/5 வந்து நிற்கும். ஏனென்றால் அந்தப் பிள்ளையின் மனதில் பின்னம் ஒரே எண்ணாக இன்னும் ஆகவில்லை. கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு எண்களாகத்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்துப் பயனில்லை.

நான் 30 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டிக் கொடுப்பேன். அந்த நீளம் கணக்குக்கு வசதி: அரை என்றால் 15, மூன்றில் ஒன்று 10, ஐந்தில் இரண்டு 12. ஐந்தில் இரண்டு உள்ள துண்டை அரைத் துண்டின் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். அரையைவிடக் குட்டையாக இருக்கும். "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, அப்புறம் எப்படிக் குறைஞ்சுது?" என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்துவிட வேண்டும். இந்த வேலையிலேயே கடினமான பகுதி அந்தப் பேசாமல் இருப்பதுதான். பதிலைச் சொல்லிவிடத் துடிக்கும். சொல்லிவிட்டால் அது என்னுடைய பதில். பொறுத்திருந்தால் யாராவது ஒரு பிள்ளை 15-ஐயும் 10-ஐயும் ஒட்டி வைத்து 25 என்று அளந்து, "டீச்சர், இது முப்பதுல ஆறு பங்கு போட்டா அஞ்சு பங்கு" என்று தானாகவே வரும். அதற்குள் ஒரு பாடவேளை முடிந்துவிடும், பாடத்திட்டத்தில் நான் பின்தங்கிவிடுவேன். பரவாயில்லை என்று முடிவு செய்ய வேண்டியவர் அங்கே ஆசிரியர்தான்.

−3−5 எவ்வளவு என்று கேட்டால் 8 என்று எழுதுகிறவர்களும் இப்படித்தான். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று யாரோ பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது பெருக்கலுக்கு உள்ள விதி என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி இயற்கணிதம் என்றாலே தாளை வெற்றாகக் கொடுத்துவிடுவாள். மெல்லக் கற்போர் பட்டியலில் பெயர் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பின்னோக்கிப் போய்ப் பார்த்ததில், 816-ஐ 8-ஆல் வகுத்தால் 12 என்று எழுதினாள். நடுவில் வர வேண்டிய பூச்சியம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. சிக்கல் இயற்கணிதத்தில் இல்லை, நான்காம் வகுப்பின் இடமதிப்பில் இருந்தது. அத்தனை வருடமும் அதை யாரும் பார்க்கவில்லை, அவளுக்கும் கேட்கத் தெரியவில்லை. மதிய இடைவேளைகளில் வகுத்தலில் இருந்து தொடங்கினோம். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண்ணோடு தேறி பாலிடெக்னிக் சேர்ந்தாள். நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகளைவிட இது எனக்குப் பெரிது. அந்தப் பிள்ளைகள் நான் இல்லாமலும் வாங்குவார்கள்.

எல்லாம் ஆசிரியர் கையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பாடவேளையில் தலை தொங்குகிற பிள்ளையிடம் பாடம் கவனிக்கச் சொல்லிப் பயனில்லை, முதலில் சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுவிடுகிறது. பசி ஐந்தாம் வகுப்போடு நிற்பதில்லை. ஆறிலிருந்து பத்து வரைக்கும் அது வந்தே தீர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வீட்டில் கேட்கிற வருமானம். ஏழாவது ஊதியக் குழுவின்படி அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 36,900. அகவிலைப்படி தனி. இதில் ஒரு குடும்பம் மரியாதையாக வாழலாம். தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு 20,600-தான். அதிலும் 2009 ஜூன் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு அப்போதைய அடிப்படை 5,200, அதற்கு முந்தைய நாள்வரை சேர்ந்தவர்களுக்கு 8,370. ஒரே வகுப்பு, ஒரே வேலை. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் சென்னையில் எத்தனையோ முறை உட்கார்ந்துவிட்டார்கள். தனியார் பள்ளிகளில் பத்தாயிரம், பதினைந்தாயிரத்துக்கு பி.எட். முடித்தவர்கள் வேலை பார்ப்பதை நீங்களே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். நான் முன்பு இருந்த பள்ளியில் சம்பள உயர்வு கேட்டபோது, "இது சேவைங்க, சம்பளத்துக்காகச் செய்யற வேலையா?" என்று பதில் வந்தது. அந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் நம்பாதீர்கள். டாக்டரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நன்றாகச் செய்ய வேண்டிய வேலை என்பதால்தான் நல்ல சம்பளம் கொடுக்க வேண்டும்.

அரசு வேலைக்கான வழி நீளமானது. கல்வி உரிமைச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்த பிறகு தகுதித் தேர்வு, அதாவது டெட் கட்டாயமானது. இங்கே முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதியதில் தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாம் தாள். 150 வினாக்கள், அதில் 60 கணிதமும் அறிவியலும், மீதி குழந்தை உளவியல், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றுக்குத் தலா 30. டெட் தேறினால் மட்டும் வேலை இல்லை. 2018 அரசாணைக்குப் பிறகு நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு. டெட்டில் தேறிய பிறகும் அந்த அறிவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். கடைசியில் 2023 அக்டோபரில் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அறிவிப்பு வந்தது. அறிவித்த இடங்கள் 2,222. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை: ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தக் காத்திருப்புக் காலத்தை எப்படிச் சமாளிப்பது என்று வீட்டோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். உங்கள் வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பாடம் தவிர்த்த வேலைகளும் உண்டு. எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பள்ளி, மாணவர் விவரப் பதிவுகள், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, மிதிவண்டி வழங்கல், தேர்தல் பணி, வாக்காளர் பட்டியல். சலிப்பு வரும். தேர்தல் பணியைக்கூட ஏற்றுக்கொள்வேன், அது எப்போதாவது வருவது. பாடவேளையில் செல்போனில் பதிவேற்றம் செய்ய வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த நேரம் பிள்ளைகளுடையது.

உங்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் கணக்கில் தடுமாறும் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு மாலையில் சொல்லிக் கொடுங்கள். நன்றாகப் படிப்பவர்களைச் சேர்க்காதீர்கள். ஒரே விஷயத்தை நான்காவது முறை சொல்லும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா, இல்லை "இவன் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறான்?" என்ற ஆர்வம் வருகிறதா என்று கவனியுங்கள். கோபம் எப்போதாவது எல்லோருக்கும் வரும். ஆர்வம் ஒருமுறைகூட வரவில்லை என்றால் வேறு வேலை பாருங்கள், அதில் தவறே இல்லை. வந்தால் தைரியமாக பி.எட். சேருங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இப்போதுள்ள இரண்டாண்டுப் படிப்பில் பள்ளிகளில் மொத்தம் 20 வாரம் பயிற்சி இருக்க வேண்டும். அதற்கு மாணவர்களை உண்மையிலேயே பள்ளிக்கு அனுப்புகிறார்களா, கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்களா என்று போன வருடம் முடித்தவர்களிடம் கேளுங்கள். அனுப்பாத கல்லூரி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம்.