தேடி வந்தவரை ஏன் விரட்டுகிறோம்?

கேள்வி: பெண்கள் விடுதியில் நான்கு பேர் தங்கும் அறையில் இருக்கிறேன். யாரோடும் ஒட்ட முடியவில்லை. ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலில் பேச ஆளில்லாமல் தவிக்கும் குரூக்ஸ், தன்னைத் தேடிவந்த லென்னி என்ற அப்பாவித் தொழிலாளியை வேண்டுமென்றே கலங்கடிக்கிறான். அறைத்தோழி சாப்பிடக் கூப்பிட்டால் நானும் வெடுக்கென்று பேசிவிடுகிறேன். நானும் அவனும் ஒன்றுதானா?
- வாசகி, கோவை

பதில்: பாதிதான் ஒன்று. ஒன்றில்லாத பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1937-ல் வந்த நாவல் அது. கலிஃபோர்னியாவில் சோலெடாட் ஊருக்கு அருகே ஒரு பண்ணை. அங்கே இருக்கும் ஒரே கறுப்பினத் தொழிலாளி குரூக்ஸ். குதிரை உதைத்ததில் முதுகு கோணிப்போனவன். மற்றவர்கள் சீட்டாடும் கொட்டகைக்குள் அவனுக்கு இடமில்லை. தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் தனியே கிடக்கிறான். அவனிடம் கிழிந்த அகராதியும் 1905-ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா சிவில் சட்டப் புத்தகமும் உண்டு. தன் உரிமை என்னவென்று படித்தே தெரிந்துகொண்டவன், அது கைக்கு வராது என்பதையும் அறிந்தவன். அவன் தனிமை நிறவெறி போட்ட பூட்டு. உங்கள் அறைக்கு அப்படியொரு பூட்டு இல்லை.

இனி லென்னி. அவனோடு ஊர் ஊராக வேலைக்குப் போகும் நண்பன் ஜார்ஜ். "ஜார்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய்?" என்று குரூக்ஸ் கிளறிக்கொண்டே போகிறானே, அதில் பொறாமை இருக்கிறது. லென்னிக்கு ஒரு ஜார்ஜ் இருக்கிறான், தனக்கு யாருமில்லை. தன் பயத்தைக் கொஞ்ச நேரமாவது இன்னொருவன் முகத்தில் பார்க்க வேண்டும் அவனுக்கு. அதோடு, காலமெல்லாம் ஒதுக்கப்பட்டவன் முந்திக்கொண்டு தானே ஒதுக்கினால் மானமாவது மிஞ்சும். உங்கள் 'வெடுக்'கும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

நாவலின் கொடூரம் அடுத்து வருகிறது. பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவி அங்கே வந்து நிற்கிறாள். அவளும் பேச ஆளில்லாதவள். ஆசிரியர் அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. குரூக்ஸ் எதிர்த்துப் பேசியதும், நினைத்தால் உன்னை மரத்தில் தொங்கவிட முடியும் என்று மிரட்டுகிறாள். அன்றைய அமெரிக்காவில் அது வெற்று மிரட்டல் இல்லை. மிதிபட்டவர் தனக்குக் கீழே ஒருவரைத் தேடி மிதிப்பதைக் காட்டுகிற இந்தக் கதையைச் சிலர் 'நட்பின் காவியம்' என்பது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

உங்களுக்குப் பயன்படக்கூடியது கேண்டி வரும் இடம். ஒரே பண்ணையில் இத்தனை காலம் இருந்தும் அந்தக் கிழவர் குரூக்ஸின் அறைக்குள் வருவது அதுதான் முதல் முறை. குரூக்ஸ் கோபமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்கிறான், சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. சற்று நேரத்தில், சாப்பாடு போட்டால் போதும், நானும் உங்களோடு வந்து உழைக்கிறேன் என்கிறான். கேண்டி அவனுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஜார்ஜும் லென்னியும் தானும் சேர்ந்து வாங்கப்போகும் நிலத்தைப் பற்றி, பணக் கணக்கைப் பற்றித்தான் பேசினார்.

தோழியிடம் மனதைத் திறந்து பேச வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கும் வேண்டாம். கடைக்குப் போவது, துணி துவைப்பது என்று ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்துகொள்ளுங்கள். தூக்கமும் பசியும் பல வாரமாகக் கெட்டிருந்தால் மட்டும் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இரக்கப்பட்டுத்தான் கூப்பிடுகிறாள் என்று அவளுக்காக நீங்களே முடிவு செய்யாதீர்கள். இன்று இரவு கூப்பிட்டால், "அஞ்சு நிமிஷம், வர்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.