கணினியில் முந்திய குர்குமினை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மா மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். மஞ்சளில் உள்ள குர்குமின், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் (அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதத்தில்) தமாக்சிஃபெனைவிட நன்றாகப் பொருந்துவதாக ஒரு கணினி ஆய்வில் படித்தேன். தமாக்சிஃபெனுக்கு மைனஸ் 8.6, குர்குமினுக்கு மைனஸ் 9.1. குர்குமின் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. தமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு வேண்டவே வேண்டாம்.

அந்த எண் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைத் திரையில் வைத்து, அதன் குழிவைச் சுற்றி ஒரு பெட்டி வரைகிறோம். மென்பொருள் தாவர மூலக்கூறை அந்தப் பெட்டிக்குள் திருப்பியும் மடக்கியும் பார்த்து, எந்த நிலையில் இறுக்கமாக அமர்கிறது என்று கிலோகலோரிக் கணக்கில் மதிப்பிடுகிறது. மைனஸில் எண் பெரிதாக ஆக, பிடிப்பு இறுக்கம் என்று பொருள். மடிக்கணினியிலேயே சில நிமிட வேலை. இதற்குப் பலரும் பயன்படுத்தும் ஆட்டோடாக் வினா என்ற மென்பொருளை 2010-இல் அறிமுகப்படுத்திய கட்டுரையே, அதன் கணிப்பின் திட்டப்பிழை, அதாவது கணிப்பு வழக்கமாகத் தவறும் அளவு, ஏறத்தாழ 3 கிலோகலோரி என்கிறது. நீங்கள் பார்த்த வேறுபாடோ அரை கிலோகலோரி. அதைக் கொண்டு எது மேல் என்று சொல்லவே முடியாது.

தவிர, தமாக்சிஃபென் கல்லீரலில் எண்டாக்சிஃபென் என்ற வேறொரு மூலக்கூறாக மாறிய பிறகுதான் முழு வலுவோடு வேலை செய்கிறது. அந்தப் பெட்டிக்குள் கல்லீரல் இல்லை, குடலும் இல்லை. குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. அதனால்தான் பல மாத்திரைகளில் மிளகின் பைப்பரினையும் சேர்க்கிறார்கள். ஆபத்து அங்கேதான். தமாக்சிஃபென் சாப்பிடும் நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், குர்குமினும் பைப்பரினும் சேர்ந்தபோது எண்டாக்சிஃபென் அளவு ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்தது. அம்மாவைக் காத்துவரும் மருந்தே குறைகிறது என்றால் நமக்கு எதற்கு அந்த விஷப்பரீட்சை?

செடிகளை நான் குறைத்துப் பேசவில்லை. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான். சீன மரமொன்றிலிருந்து 1966-இல் கண்டறிந்த கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது, அது நோயாளிகளின் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியது. அதைத் திருத்தி அமைத்த இரினோடெகான் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1996-இல். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் நம் மூலிகைகளின் ஏறத்தாழ 18,000 மூலக்கூறுகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. அத்தனையில் எதை முதலில் ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்வது என்று வழிகாட்டத்தான் கணினி.

குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மாத்திரையை ஏற்கெனவே வாங்கியிருந்தால், அட்டையோடு எடுத்துச் சென்று அம்மாவின் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கொடுக்கத் தொடங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.