இந்தியா 25.5, பிரேசில் 50-க்கு மேல்: ஜினி எண்ணை இப்படி ஒப்பிடலாமா?

முடியாது. ஜினி என்பது ஒரு நாட்டின் ஏற்றத்தாழ்வை 0 முதல் 100 வரை காட்டும் எண், எண் கூடினால் ஏற்றத்தாழ்வும் கூடுதல். நீங்கள் போட்ட அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இந்த இரண்டு எண்ணும் வேறு வேறு பொருளை அளக்கின்றன, அதனால் "பிரேசிலைவிட இந்தியா சமத்துவமான நாடு" என்று அந்த அட்டவணையை வைத்து எழுதாதீர்கள். உலக வங்கியின் இந்திய எண் 2022-23 வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது, அதாவது நுகர்வு. பிரேசிலுடையது வருமானம்.

இது ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டுகிறது? மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் வீட்டில் அரிசி, வாடகை, பஸ், மருந்து போக ஒன்றும் மிஞ்சாது, சில மாதம் கடன்கூட ஏறும். பத்து லட்சம் வருகிற வீட்டில் இரண்டு லட்சம் செலவானாலே அதிகம், மீதி பங்குச்சந்தைக்கும் மனைக்கும் போய்விடும். செலவை மட்டும் அளந்தால் அந்த எட்டு லட்சம் கண்ணில் படவே படாது. அப்புறம், பெரிய பணக்காரர்கள் கணக்கெடுப்பில் சிக்குவதும் அபூர்வம்.

சரிபார்க்க ஒரு வழி: உலக வங்கித் தரவுத் தளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் நுகர்வா வருமானமா என்று குறித்திருப்பார்கள், அதைப் பாருங்கள். உலக சமத்துவமின்மைத் தரவுத்தளத்தில் 2023-க்கான இந்திய வருமான ஜினி 62.

ஆனால் அந்த 62-ம் வரித் தரவு, கணக்கெடுப்பு, சில அனுமானங்கள் எல்லாம் சேர்த்துக் கட்டிய மதிப்பீடுதான். இன்னொன்று, 25.5-ஐ இந்தியாவின் 2011-12 நுகர்வு எண்ணோடு ஒப்பிட்டு "குறைந்துவிட்டது" என்றும் எழுதாதீர்கள், 2022-23-இல் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய்க் கேட்டார்கள், கணக்கெடுக்கும் விதமே மாறிவிட்டது.