கேம் ஆஃப் த்ரோன்ஸ் கேள்வி பதில்: வசனத்தை விடுங்கள், விளைவைப் பாருங்கள்

அரியணைக்காகக் குடும்பங்கள் மோதும் "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" தொடரிலிருந்து நம் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டு வந்தவற்றுக்கு இன்று பதில் சொல்கிறேன். கடைசி எபிசோட் வரை பேசுவேன். பார்க்காதவர்கள் இப்போதே கிளம்பிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை: அக்கா, வடக்கின் பிரபு நெட் ஸ்டார்க் நேர்மையாக இருந்தார், தலை போயிற்று. நேர்மை பிழைக்க உதவாது என்பதுதானே முதல் பாடம்?

பதில்: முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடை இன்னொரு முறை பாருங்கள். பேலர் ஆலயப் படிகளில் நின்று நெட் சொல்வது பொய். மகள்களைக் காப்பாற்ற, செய்யாத துரோகத்தைச் செய்ததாக ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகும் இளம் அரசன் ஜாஃப்ரி தலையை வெட்டச் சொல்கிறான். அவரைக் கவிழ்த்த காரியங்கள் முன்பே நடந்துவிட்டன. அரசி செர்சியின் பிள்ளைகள் அரசருக்குப் பிறந்தவர்கள் அல்ல என்று தெரிந்ததும், அவளிடமே போய்ச் சொல்லி, ஓடிப்போக அவகாசம் கொடுத்தார். ஆள் தருகிறேன் என்று வந்த அரசரின் தம்பி ரென்லியைத் திருப்பி அனுப்பினார். நகரக் காவல்படையை விலைக்கு வாங்கும் வேலையை, "என்னை நம்பாதே" என்று வாய்விட்டே சொன்ன சூழ்ச்சிக்கார அமைச்சர் லிட்டில்ஃபிங்கரிடம் ஒப்படைத்தார். எதிரியிடம் திட்டத்தை முன்கூட்டிச் சொல்வதற்கு நேர்மை என்று பெயர் வைக்காதீர்கள்.

இரவுப்பறவை: "குழப்பம் ஒரு ஏணி" என்ற வசனத்தை அலுவலக மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: சொன்னவன் லிட்டில்ஃபிங்கர். ஏழாவது சீசன் முடிவில், நெட்டின் மகள் சான்சா தீர்ப்புச் சொல்ல, அவள் தங்கை ஆர்யா அவன் கழுத்தை அறுக்கிறாள். அதையும் பக்கத்தில் ஒட்டுங்கள். வசனத்தைப் பகிரும் முன் அதைச் சொன்னவன் கதி என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

மூன்றாம் கண்: டிராகன்களோடு வந்த அரசி டெனேரிஸ், கடைசியில் தலைநகரையே எரிக்கும் அளவுக்குத் திடீரென்று ஏன் கெட்டவளானாள்?

பதில்: திடீரென்றா? நான்காவது சீசனில் மீரீன் நகரைப் பிடித்ததும், அங்கிருந்த எஜமானர்கள் அடிமைக் குழந்தைகள் 163 பேரைக் கொன்றதற்குப் பழியாக அதே எண்ணிக்கையில் அவர்களைச் சிலுவையில் அறைந்தாள். பிறகு ஹிஸ்டார் என்ற இளைஞன் சபைக்கு வந்து, தன் தந்தையின் உடலை இறக்கிப் புதைக்க அனுமதி கேட்கிறான். அந்தத் தந்தை, குழந்தைகளைக் கொல்லக் கூடாது என்று வாதிட்டவர். எண்ணிக்கையை நிரப்புவதில் அவரும் ஒரு ஆணிக்குப் போய்விட்டார். அவள் முகம் சற்று மாறுகிறது, அவ்வளவுதான். நாம் அப்போது கைதட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் கடைசி இரண்டு சீசன்களில் பத்துக்குப் பதில் ஏழு, ஆறு எபிசோடுகள் என்று சுருக்கியதால் சரிவு அவசரமாகத் தெரிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மாலைச்சூரியன்: நாற்பத்தைந்து வயதில் ஆங்கில வகுப்பில் சேர வெட்கமாக இருக்கிறது. தொடரில் எனக்கு ஏதாவது உண்டா?

பதில்: அரியணைக்குப் போட்டியிட்ட ஸ்டானிஸின் ஆலோசகர் டாவோஸ் இருக்கிறார். நரைத்த தாடியோடு சிறையில் உட்கார்ந்து, ஸ்டானிஸின் சின்ன மகள் ஷிரீனிடம் எழுத்துக் கூட்டிப் படித்தவர். வடக்கு எல்லைச் சுவரிலிருந்து உதவி கேட்டு வந்த கடிதத்தை அவர் வாசிக்க முடிந்ததால்தான், மரண தண்டனைக்கு இருந்தவரின் உயிர் தப்பியது. சேருங்கள்.

வாள்முனை: நெட் பற்றிய பதில் சப்பைக்கட்டு. அவர் மகன் ராபும் நேர்மையால்தானே செத்தான்?

பதில்: வால்டர் ஃபிரேயின் மகளை மணப்பதாக வாக்குக் கொடுத்து ஆற்றைக் கடந்தான், பிறகு டலீசாவை மணந்தான். வாக்குத் தவறியவன் அவன். அதற்குப் பழியாகத்தான் ஃபிரே விருந்துக்கு அழைத்துக் கொன்றான்.

வாள்முனை: கைதிச் சிறுவர்களைக் கொன்றதற்காகத் தன் படைப் பிரபு கார்ஸ்டார்க்கின் தலையை வெட்டினானே? அதில் படையில் ஏறக்குறையப் பாதி போயிற்று. அது நேர்மை இல்லையா?

பதில்: நல்ல அடி. அது நேர்மைதான், விலையும் பெரியதுதான். ஆனால் தாய், மனைவி, மாமா மூவரும் "உயிரோடு பிணையாக வை" என்றார்கள். தண்டிக்க வேறு வழி இருந்தது.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் செர்சியின் தந்தை டைவின்தான் கெட்டிக்காரர், அக்கா.

பதில்: ராபை விருந்துக்கு அழைத்துக் கொல்லும் சதிக்குப் பின்னால் நின்றார். ஒரே சீசன் தள்ளி, கழிப்பறையில் பெற்ற மகன் டிரியன் கையால் அம்பு பட்டுச் செத்தார். விருந்து வைத்த ஃபிரே வீட்டு ஆண்களுக்கு ஆர்யா நஞ்சு கலந்த மது ஊற்றினாள். நெட்டின் பெயரைச் சொல்லி வடக்கு கடைசிவரை திரண்டது. கெட்டிக்காரத்தனத்தை எதை வைத்து அளக்கிறீர்கள்?

வாள்முனை: செத்தவருக்குப் பெயர் இருந்து என்ன லாபம்?

பதில்: அவர் பிள்ளைகளுக்கு இருந்தது. கடைசியில் மகன் பிரான் ஆறு ராஜ்யங்களுக்கு அரசன், மகள் சான்சா வடக்கின் அரசி. டைவினின் மூன்று பிள்ளைகளில் எஞ்சியது அவர் வெறுத்த டிரியன் மட்டும்.

புதியவன்: டெனேரிஸ் ஏன் திடீரென்று...

பதில்: மேலே இருக்கிறது.

தென்றல்: எட்டாவது சீசனில் மேசை மேல் படக்குழு மறந்துவிட்ட காபிக் குவளை இருந்ததே, அதில் என்ன பாடம்?

பதில்: படப்பிடிப்பு தொடங்கும் முன் மேசையைத் துடையுங்கள்.

குறுஞ்சிறகு: பத்து வயது மகனோடு சேர்ந்து பார்க்கலாமா?

பதில்: கூடாது.

பனிமலை: அக்கா, டெனேரிஸ்...

பதில்: மேலே. இன்றைக்கு இவ்வளவு போதும். வாள்முனை, கார்ஸ்டார்க் வழக்கை அடுத்த முறை தொடரலாம்.