தொடராக வராமலே நின்றுபோன சயின்ஸ் ஃபிக்ஷன் டிவி படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது, ஏன்?

ஜெனிசிஸ் டூ. 1973 மார்ச்சில் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் வந்தது. எழுதித் தயாரித்தவர் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரை உருவாக்கிய ஜீன் ரோடன்பெரி.

அங்கே ஒரு தொடருக்குச் சேனலின் சம்மதம் வாங்க முதலில் பைலட் என்று ஒன்றை எடுத்துக் காட்டவேண்டும். 70களில் அதையே முழுநீளப் படமாக எடுத்து ஒளிபரப்பியும் விடுவார்கள். பிடித்துப்போனால் தொடர், இல்லையென்றால் செலவழித்த காசுக்கு ஒரு படமாவது மிச்சம். எங்கள் செட்டிநாட்டுக் கணக்கில் சொன்னால் முகப்பை மட்டும் கட்டிக் காட்டுகிற வேலை. உள்ளே வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி என்று வீடு அடுத்த தெரு வரைக்கும் போகும் என்பதை முகப்பில் நிற்கிறவன் நம்பிவிட வேண்டும்.

கதை இதுதான். 1979இல் கார்ல்ஸ்பாட் குகைகளுக்குள் இருக்கும் ஆய்வகத்தில் டிலன் ஹன்ட் என்ற விஞ்ஞானி, மனிதனை நீண்டகாலம் உறங்கவைக்கும் சோதனைக்குத் தன்னையே உட்படுத்திக்கொள்கிறார். மலை சரிந்து மூடிவிடுகிறது. பெரிய போருக்குப் பிறகு மிஞ்சிய உலகத்தில், 2133இல், பாக்ஸ் என்ற சமாதானக் கூட்டம் அவரைக் கண்டெடுக்கிறது. அவர்களிடம் பூமிக்கடியில் கண்டம் விட்டுக் கண்டம் ஓடும் சுரங்க ரயில் ஒன்று இருக்கிறது. சப்ஷட்டில் என்று பெயர்.

என்னைக் கேட்டால் படத்தின் மூளையே அந்த ரயில்தான். ஸ்டார் ட்ரெக்கில் கப்பல் வாரம் ஒரு கிரகத்துக்குப் போகும். இங்கே ரயில் வாரம் ஒரு ஸ்டேஷனில் நிற்கும். ஏறினால் ஒரு நாகரிகம், இறங்கினால் இன்னொன்று. பட்ஜெட்டும் கட்டுப்படும். வீட்டில் இதைப் போட்டபோது, காரைக்குடியில் இருக்கும் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் துருவைப் பற்றியே ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா, "அத்தனை வருசம் தண்டவாளம் துருப்பிடிக்காமலா கிடக்கும்?" என்று ஆரம்பித்துவிட்டார். அப்பத்தாவின் கேள்விதான் கூர்மை. "ஏப்பா, இம்புட்டு நேரம் வழியவே காட்டுறானே, ஊரக் காட்ட மாட்டானா?"

படத்தின் குறை அதுவேதான். பாக்ஸ் யார், போர் எப்படி வந்தது, ரயில் எப்படி ஓடுகிறது என்று விளக்கியே பாதிப் படம் போய்விடுகிறது. ஹன்டாக வரும் அலெக்ஸ் கார்ட் முகத்தைச் சுளித்தபடியே இருக்கிறார். டைரேனியா என்ற ஊருக்குப் போன பிறகுதான் படத்துக்கு உயிர் வருகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு இதயம், இரண்டு தொப்புள். நடிகை மேரியட் ஹார்ட்லி அந்த இரட்டைத் தொப்புளோடு நிற்கிற காட்சிதான் இன்றும் பேசப்படுகிறது. ஸ்டார் ட்ரெக்கில் இதே நடிகையின் ஒற்றைத் தொப்புளை மறைக்கவேண்டி வந்ததற்கு ரோடன்பெரி வட்டியோடு பழிவாங்கினார் என்று ஒரு கதை உலாவும். வட்டிக் கணக்கு தெரிந்த ஊர்க்காரனாகச் சொல்கிறேன், நியாயமான வட்டிதான்.

சிபிஎஸ் இதைத் தொடராக்கவில்லை. பதிலாக பிளானட் ஆஃப் தி ஏப்ஸ் தொடரை எடுத்துக்கொண்டது. 1974 செப்டம்பரில் தொடங்கிய அந்தக் குரங்குத் தொடரும் டிசம்பரோடு நின்றது.

ரோடன்பெரி விடவில்லை. 1974 ஏப்ரலில் ஏபிசி சேனலில் பிளானட் எர்த் என்று அதே ஹன்ட், அதே பாக்ஸ், அதே ரயிலோடு இரண்டாவது படம். நாயகன் மட்டும் ஜான் சாக்ஸன். இது ரொம்பக் கலகலப்பு. காணாமல் போன ஒரு டாக்டரைத் தேடி, பெண்கள் ஆண்களுக்கு மருந்து கொடுத்து அடிமையாக வைத்திருக்கும் ஊருக்குள் போகிறார்கள். விளக்கம் குறைவு, ஊர் அதிகம். அப்பத்தா கேட்டது இதில் கிடைத்தது. ஆனால் பெண்ணாட்சியைக் கேலிப்பொருளாக்கியது இன்றைக்குப் பார்க்கையில் நெருடுகிறது. இதுவும் தொடராகவில்லை. 1975இல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட் என்று மூன்றாவது முயற்சி. சாக்ஸன் இருந்தார், ரோடன்பெரி இல்லை, சரக்கும் இல்லை.

இடையில் 1974 ஜனவரியில் என்பிசிக்காக அவர் செய்த குவெஸ்டர் டேப்ஸையும் சொல்லவேண்டும். தன்னைப் படைத்தவரைத் தேடும் ஆண்ட்ராய்டின், அதாவது மனித உருவ ரோபோவின், கதை. கூடவே வரும் மனித நண்பனைத் தொடரில் தூக்கிவிடச் சொன்னது சேனல், ரோடன்பெரி ஒத்துக்கொள்ளவில்லை. படமாக மூன்றைவிடவும் இதுதான் நேர்த்தி என்பேன். இருந்தும் மனசு ரயில் பக்கமே போகிறது.

ரோடன்பெரி 1991இல் இறந்துபோனார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து 2000இல் வந்த ஆண்ட்ரோமெடா தொடரின் கேப்டனும் பல நூறு வருடம் உறைந்து கிடந்து எழுகிறவர்தான். பெயர் டிலன் ஹன்ட்! அது 5 சீசன் ஓடியது.

பார்ப்பதென்றால் பிளானட் எர்த்தை முதலில் பாருங்கள். அது பிடித்தால் மட்டும் ஜெனிசிஸ் டூ. அதிலும் முதல் அரைமணி நேரம் பொறுமை வேண்டும். மூன்றாவதை விட்டுவிடலாம்.